சுருங்கிப்போன சின்னம்: ஜிடிஎஸ் வடிவத்திலேயே இருப்பதா, ஒயாசிஸுக்கு மாறுவதா?

காலாப்பட்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் நால்வர் சேர்ந்து, 2020ஆம் ஆண்டு வெளியான ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் திறந்த பிடிகே-யைக் (சிப் தயாரிப்புக்கான விதிகளும் அடுக்கு விவரங்களும் அடங்கிய தொகுப்பை) கொண்டு ஒரு ரிங் ஆஸிலேட்டரின் (தானே அலைவை உண்டாக்கும் சிறு சுற்றின்) லேஅவுட்டை, அதாவது சிப்பில் அடுக்கடுக்காக அமையும் வடிவங்களின் வரைபடத்தை, மேஜிக் மென்பொருளில் வரைந்தோம். அது டிஆர்சி எனும் வடிவமைப்பு விதிச் சோதனையில் ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. எங்கள் குழுவுக்கு ஒரு சின்னம் உண்டு. அதை வேறொரு வரைகலை மென்பொருளில் வரைந்து, மெட்டல் 1 எனும் உலோக அடுக்கில், ஜிடிஎஸ் எனும் லேஅவுட் கோப்பு வடிவத்தில் தனிக் கோப்பாக எடுத்து வைத்திருந்தோம். கடலூரில் இருக்கும் எங்கள் நண்பர் பைதான் மொழியில் தாமே எழுதிய ஒரு நிரலைக் கொண்டு இரண்டு கோப்புகளையும் ஒன்றாக இணைத்துக் கொடுத்தார். அத்துடன், செயல்திட்ட அறிக்கையில் சேர்ப்பதற்காக ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிப் படமாகவும் எடுத்துத் தந்தார்.

இப்போது இரண்டு விஷயங்கள் எங்களுக்குப் புரியவில்லை. முதலாவது, அந்தப் படத்தில் மெட்டல் 1 பட்டைகளோடு வயா (உலோக அடுக்குகளை இணைக்கும் துளை) சதுரங்களும் ஒரே நிறத்தில் கலந்து நிற்கின்றன. இரண்டாவது, நாங்கள் 0.5 மைக்ரான் அகலத்தில் வரைந்த சின்னத்தின் கோடுகளை, இணைத்த கோப்பில் டிஆர்சி சோதித்தபோது, மெட்டல் 1-க்குரிய குறைந்தபட்ச அகலமான 0.14 மைக்ரானுக்கும் கீழே இருப்பதாகப் பிழை காட்டுகிறது. சின்னத்தின் கோப்பைத் தனியாகத் திறந்து அளந்தால் 0.5 என்றே வருகிறது.

ஜிடிஎஸ் 1978ஆம் ஆண்டைச் சேர்ந்த வடிவம் என்றும், ஒயாசிஸ் அதற்கு மாற்றாகவே வந்தது என்றும் படித்தோம். எங்கள் சிக்கலுக்குக் காரணம் வடிவத்தின் பழமைதானா? ஒயாசிஸுக்கு மாறிவிட்டால் இவை தீருமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கெடிலக்கரை:

வணக்கம் தங்கை. நான் லேஅவுட் சரிபார்ப்புப் பணியில் இருப்பவன்; கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். முதல் சிக்கலின் காரணம், உங்கள் விவரிப்பைப் படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜிடிஎஸ் கோப்பில் "மெட்டல் 1" என்ற பெயர் எங்குமே இருக்காது. ஒவ்வொரு வடிவத்தோடும் இரண்டு எண்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும்: ஒன்று அடுக்கு எண், மற்றொன்று டேட்டாடைப் எண். நீங்கள் பயன்படுத்தும் பிடிகே-யில் மெட்டல் 1 என்பது 68/20. மெட்டல் 1-ஐயும் மெட்டல் 2-ஐயும் இணைக்கும் வயா 68/44. டிரான்சிஸ்டரின் கேட் அமையும் பாலிசிலிக்கான் அடுக்கு 66/20, அதன் மேல் அமரும் காண்டாக்ட் எனும் இணைப்புத் துளை 66/44. அதாவது, ஓர் அடுக்கும் அதற்கு மேலே செல்லும் துளையும் ஒரே அடுக்கு எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன; அவற்றை வேறுபடுத்துவது இரண்டாவது எண் மட்டுமே. உங்கள் நண்பரின் நிரல் 68 என்பதை மட்டும் படித்து 20, 44 என்பவற்றைப் பார்க்காமல் விட்டிருக்கும். பாலிசிலிக்கான் படத்தை எடுத்துப் பாருங்கள். அதிலும் காண்டாக்ட் சதுரங்கள் கலந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது சிக்கலுக்கு ஒரு விவரம் தேவைப்படுகிறது. இரு கோப்புகளிலும் தரவு அலகு என்ன, அதாவது 1 என்ற எண் எத்தனை நானோமீட்டரைக் குறிக்கிறது என்பதை, லேஅவுட் பார்க்கும் மென்பொருளான கேலேஅவுட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்:

அந்த நிரலை எழுதியவன் நான்தான். கெடிலக்கரை அண்ணன் சொன்னது சரி. நான் டேட்டாடைப் பதிவைத் தாவிச் சென்றுவிட்டேன். பாலிசிலிக்கான் படத்திலும் அதே கலப்பு இருப்பதை இப்போது பார்த்தேன். அலகுகளையும் பார்த்துவிட்டேன்: ஆஸிலேட்டர் கோப்பில் 1 நானோமீட்டர், சின்னத்தின் கோப்பில் 5 நானோமீட்டர்.

நான் ஏன் அலகைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அலகுப் பதிவை நான் படிக்க முயன்றேன். ஆஸிலேட்டர் கோப்பில் 0.001 என்று வரவேண்டிய இடத்தில் 0.00000000817 என்பதைப் போன்ற ஓர் எண் வந்தது. அந்தப் பதிவு பழுதாகிவிட்டது என்று நினைத்து, 1 நானோமீட்டர் என்று நானே நிரலில் எழுதிவிட்டேன்.

கெடிலக்கரை:

தம்பி, அந்தப் பதிவு பழுதாகவில்லை. அதை எழுதிய முறை வேறு, நீங்கள் படித்த முறை வேறு. இன்று ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் தசம எண்களைச் சேமிக்கப் பின்பற்றும் ஐஇஇஇ 754 தரம் 1985இல்தான் வந்தது. அதற்கு ஏழாண்டுகள் முன்பே உருவான ஜிடிஎஸ், ஐபிஎம் 360 கணினிகளின் பாணியில், 16-ஐ அடிமானமாகக் கொண்ட எட்டு பைட் எண்களைப் பயன்படுத்துகிறது. முதல் பைட்டில் கூட்டல்-கழித்தல் குறியும் அடுக்குக்குறியும் (எக்ஸ்போனென்ட்) இருக்கும். அந்த அடுக்குக்குறியிலிருந்து 64-ஐக் கழிக்க வேண்டும். மீதமுள்ள ஏழு பைட்டுகள் பின்னப் பகுதி.

0.001 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பைட் 62. 64-ஐக் கழித்தால் −2. ஆகவே பெருக்கவேண்டியது 16-இன் −2 அடுக்கு, அதாவது 256-இல் ஒரு பங்கு. மீதி ஏழு பைட்டுகள் 0.256 என்ற பின்னத்தைத் தருகின்றன. 0.256-ஐ 256-ஆல் வகுத்தால் சரியாக 0.001. அதே எட்டு பைட்டுகளை ஐஇஇஇ முறையில் படித்தால் நீங்கள் கண்ட எண் வரும். அலகுப் பதிவில் இத்தகைய எண்கள் இரண்டு உண்டு: ஒரு தரவு அலகு என்பது பயனர் அலகில் எவ்வளவு என்பது ஒன்று, அது மீட்டரில் எவ்வளவு என்பது மற்றொன்று. நம்பவேண்டியது இரண்டாவதை.

இனிச் சின்னத்தின் கதையைப் பார்ப்போம். 0.5 மைக்ரான் என்பது 5 நானோமீட்டர் அலகில் 100. அந்த 100-ஐ மாற்றாமல் 1 நானோமீட்டர்க் கோப்பில் ஒட்டினால் கோட்டின் அகலம் 0.1 மைக்ரான் ஆகிவிடும். அது 0.14-க்குக் குறைவு. டிஆர்சி உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

பாகூர் ஆசிரியர்:

இந்த இழையைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் நிலக்கணக்குதான் நினைவுக்கு வந்தது. கடலூர்ப் பக்கத்தில் மனை வாங்குபவர் சென்ட் கணக்கில் பேசுவார். ஆற்றைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் வந்தால் குழிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு தாளில் "பத்து" என்று மட்டும் எழுதி, எது பத்து என்று எழுதாமல் விட்டால், இரு ஊர்க்காரர்களும் வெவ்வேறு நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே தாளில் கையெழுத்திடுவார்கள். ஜிடிஎஸ் கோப்பில் ஆயத்தொலைகள் எல்லாம் வெறும் முழு எண்கள். அவற்றுக்கு அளவைத் தருவது தொடக்கத்தில் ஒரே ஒருமுறை எழுதப்படும் அந்த அலகுப் பதிவுதான்.

நான் ஓய்வுபெற்ற விரிவுரையாளன். மாணவர்களுக்கு நான் முதலில் கற்பித்தது ஜிடிஎஸ் அல்ல. சிஐஎஃப் எனப்படும் கால்டெக் வடிவம். கார்வர் மீட், லின் கான்வே ஆகிய இருவரும் 1980இல் வெளியிட்ட பாடநூலின் வழியாகவே அது உலகெங்கும் கல்லூரிகளுக்குள் பரவியது. பாலிசிலிக்கானுக்குச் சிவப்பு, டிஃப்யூஷனுக்கு (சிலிக்கானில் மாசு கலந்த பகுதிக்கு) பச்சை, மெட்டலுக்கு நீலம் என்று வண்ணப் பென்சிலால் கட்டத்தாளில் வரையச் செய்து, பிறகு அதே வரைபடத்தைச் சிஐஎஃப் வரிகளாக எழுதச் சொல்வேன். அது கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. பெட்டிக்கு ஓர் எழுத்து, பலகோணத்துக்கு ஓர் எழுத்து, கம்பிக்கு ஓர் எழுத்து என்று ஒவ்வொரு கட்டளையும் ஓரெழுத்தில் தொடங்கும். அடுக்குகள் எண்ணால் அல்லாமல் பெயரால் குறிக்கப்படும். அலகு பற்றிய குழப்பமும் அங்கே குறைவு. ஏனெனில் சிஐஎஃப்-இல் அடிப்படை அலகு எப்போதும் மைக்ரானில் நூறில் ஒரு பங்குதான்.

ஆனால் அந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு. நூறில் ஒரு மைக்ரான் என்றால் 10 நானோமீட்டர். உங்கள் பிடிகே-யின் உற்பத்திக் கட்டம், அதாவது எல்லா முனைகளும் அமரவேண்டிய கட்டத்தின் இடைவெளி, 5 நானோமீட்டர். அந்த அளவை நேரடியாக முழு எண்ணால் எழுத இயலாது. ஒவ்வொரு செல்லின் (மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய வரைபடத் துண்டின்) தொடக்கத்திலும் "1-இன் கீழ் 2" என்று ஓர் அளவுக் காரணியைக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. சிஐஎஃப் பெட்டியை மூலைகளால் குறிப்பதில்லை. நீளம், அகலம், மையம் ஆகியவற்றால் குறிக்கிறது. நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் மையம் அரை அலகில் விழும். அதையும் முழு எண்ணால் எழுத முடியாது. இதை அறியாமல் பாதியை வெட்டி எழுதிய நிரல்களால் பெட்டிகள் அரை அலகு தள்ளி அமர்ந்ததை என் மாணவர்களின் வேலையிலேயே கண்டிருக்கிறேன். எந்த வடிவமும் தானாகவே நம்மைக் காப்பாற்றாது அம்மா. கோப்பைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அலகையும் அடுக்குப் பட்டியலையும் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நெய்வேலி:

ஐயா சொன்னதிலிருந்து எனக்கு ஒரு கருத்து தோன்றுகிறது. எழுத்துக் கோப்பாக இருந்தால் எங்கே பிழை என்று கண்ணாலேயே பார்க்கலாம் அல்லவா? லெஃப், டெஃப் ஆகிய இரண்டும் எழுத்துக் கோப்புகள்தாம். எல்லாவற்றையும் டெஃப் வடிவிலேயே வைத்துக்கொண்டால் என்ன?

கெடிலக்கரை:

லெஃப், டெஃப் இரண்டும் வேறொரு பணிக்காகப் பிறந்தவை. லெஃப் கோப்பில் ஒரு செல்லின் வெளித்தோற்றம் மட்டுமே இருக்கும்: எல்லை எவ்வளவு, இணைப்பு முனை (பின்) எங்கே, கம்பி செல்லக்கூடாத இடம் எது என்பவை. டெஃப் கோப்பில் எந்தச் செல் எங்கே அமர்கிறது, எந்தக் கம்பி எவ்வழியே ஓடுகிறது என்பது இருக்கும். செல்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் டிஃப்யூஷனையோ பாலிசிலிக்கானையோ இவ்விரண்டிலும் தேடினால் கிடைக்காது. இறுதியில் டெஃப்-ஐ ஒவ்வொரு செல்லின் ஜிடிஎஸ் கோப்போடும் சேர்த்தால்தான் முழு லேஅவுட் உருவாகும். அந்தச் சேர்ப்பில் ஒரு செல்லின் ஜிடிஎஸ் விடுபட்டுப்போனால் அந்த இடம் வெறும் பெட்டியாகவே நிற்கும். மேலே ஓடும் கம்பிகள் சரியாக இருப்பதால் பார்வைக்கு எல்லாம் முழுமையாக இருப்பதுபோலத் தோன்றும். லேஅவுட்டைச் சுற்று வரைபடத்தோடு ஒப்பிடும் எல்விஎஸ் சோதனை செய்யாமல் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

மேஜிக் மென்பொருளின் சொந்தக் கோப்பும் எழுத்துக் கோப்புதான். அடுக்கின் பெயரும் செவ்வகங்களின் எண்களும் அதில் வரிவரியாக இருக்கும். வேலை நடக்கும் காலத்தில் மாற்றங்களை ஒப்பிட அது மிக நல்லது. ஆனால் சிப்பைத் தயாரிக்கும் ஃபவுண்டரிக்கு அதை அனுப்ப முடியாது.

காலாப்பட்டு மாணவி:

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. நண்பர் நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் மற்றொரு ஐயம். எதையும் மாற்றாமல் ஒரே லேஅவுட்டை இரண்டு முறை ஜிடிஎஸ்-ஆக எழுதினேன். இரண்டு கோப்புகளின் அளவும் ஒன்றுதான். ஆனால் அவற்றின் ஹேஷ் மதிப்புகள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்கள்) வேறுபடுகின்றன. எங்கோ ஏதோ மாறிவிட்டது என்று குழுவில் அனைவரும் அஞ்சுகிறார்கள்.

கெடிலக்கரை:

அஞ்ச வேண்டாம். ஜிடிஎஸ்-இல் நூலகத்தின் தொடக்கப் பதிவிலும், ஒவ்வொரு செல்லின் தொடக்கப் பதிவிலும், ஆண்டு முதல் வினாடி வரை ஆறு எண்களாக இரண்டு நேரக் குறிப்புகள் எழுதப்படும். அவை மாறியிருக்கும். கேலேஅவுட்டில் கோப்பை எழுதும்போது நேரக் குறிப்பை விட்டுவிடும் தெரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் இரு கோப்புகளுக்கும் இடையே அடுக்குவாரியாக எக்ஸார் செய்து, அதாவது ஒன்றில் மட்டும் இருக்கும் பகுதிகளைப் பிரித்தெடுத்துப் பாருங்கள். ஒரு வடிவமும் மிஞ்சாவிட்டால் லேஅவுட் ஒன்றேதான்.

கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதையும் சோதிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎஸ்-இல் சரிபார்ப்புத் தொகை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பதிவும் இரண்டு பைட் நீளம், ஒரு பைட் பதிவு வகை, ஒரு பைட் தரவு வகை என்று தொடங்கும். கோப்பின் முதல் ஆறு பைட்டுகள் பெரும்பாலும் 00 06 00 02 02 58 என்றிருக்கும்: நீளம் 6, தலைப்புப் பதிவு, முழு எண், பதிப்பு 600. கடைசி நான்கு பைட்டுகள் 00 04 04 00. பென்டிரைவில் பாதியில் நின்றுபோன கோப்பில் இந்தக் கடைசி நான்கும் இருக்காது.

பாகூர் ஆசிரியர்:

தம்பி சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. ஜிடிஎஸ் கால்மா நிறுவனத்தின் வடிவமைப்பு முனையங்களிலிருந்து காந்த நாடாவில் எழுதுவதற்காக உருவானது. நாடாவில் 2048 பைட் கொண்ட தொகுதிகளாக எழுதுவார்கள். கடைசித் தொகுதி நிரம்பாவிட்டால் மீதியைப் பூஜ்யங்களால் நிரப்புவார்கள். அந்தப் பழக்கத்தைப் பின்பற்றும் மென்பொருள்கள் பின்னாளிலும் உண்டு. ஆகையால் பழைய கோப்பொன்றின் இறுதியில் பூஜ்யங்களாகவே இருந்தால் அதைக் குறைப்பட்ட கோப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பூஜ்யங்களைக் கடந்து பின்னோக்கிச் சென்று பாருங்கள். முடிவுப் பதிவின் கடைசி பைட்டும் பூஜ்யமே என்பதால், பூஜ்யங்களை எல்லாம் உதிர்த்த பிறகு 00 04 04 என்ற மூன்று மட்டுமே மிஞ்சும்.

தேவனாம்பட்டினம்:

நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது டேட்டாடைப்-ஐயும் படிக்கிறது. அலகுகள் வேறுபட்டால் எண்களைப் பெருக்கிய பிறகே இணைக்கிறது. 1 நானோமீட்டர் அலகில் நான்கு பைட் எண்கள் போதுமா என்று மட்டும் எனக்கு ஓர் ஐயம். அத்துடன், தோழி முதலில் கேட்ட ஒயாசிஸ் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

கெடிலக்கரை:

குறியோடு கூடிய நான்கு பைட் எண்ணின் எல்லை ஏறத்தாழ 214 கோடி. 1 நானோமீட்டர் அலகில் அது 2.14 மீட்டருக்கும் சற்று மேல். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள முழு வேஃபரும் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் வட்டும்) அதற்குள் அடங்கும் என்பதால் எண்ணின் அளவு நமக்குத் தடையில்லை. ஜிடிஎஸ்-இன் உண்மையான சுமை வேறிடத்தில் இருக்கிறது.

மெட்டல் 1-இல் 1 மைக்ரான் பக்கமுள்ள ஒரு சதுரத்தை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஜிடிஎஸ்-இல் தொடக்கப் பதிவு 4 பைட், அடுக்கு 6, டேட்டாடைப் 6. ஆயத்தொலைப் பதிவில் முதல் புள்ளியையே இறுதியிலும் மறுபடி எழுத வேண்டும் என்பதால் ஐந்து புள்ளிகளும் தலைப்புமாக 44. முடிவுப் பதிவு 4. மொத்தம் 64 பைட். அடுத்த சதுரமும் அதே அடுக்கு, அதே அளவு என்றாலும் மறுபடி 64 பைட்தான். முன்பு சொன்னது எதையும் அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஒயாசிஸ் வடிவத்துக்கான பணி 2001இல் தொடங்கியது. குறைக்கடத்தித் துறையின் செமி அமைப்பு அதைப் பி39 என்ற தரமாக வெளியிட்டது. அதில் சிறிய எண்ணுக்குச் சிறிய இடம்: ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட் எண்ணுக்கும், ஒரு பிட் "இன்னும் வருகிறது" என்று சொல்வதற்கும். முந்தைய வடிவத்தின் அடுக்கும் அளவும் அப்படியே தொடர்ந்தால் அவற்றை மறுபடி எழுதவேண்டியதில்லை. செவ்வகத்துக்குத் தனிப் பதிவு உண்டு. அது சதுரம் என்றால் ஒரு பக்கத்தைச் சொன்னாலே போதும். மேலே சொன்ன சதுரம், மூலையிலிருந்து சில மைக்ரான் தள்ளியிருப்பதாகக் கொண்டால், முதல்முறை 10 பைட், அடுத்தடுத்த முறை 6 பைட் என்ற அளவில் முடியும். நூறு வயாக்கள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் நூறையும் ஒரே பதிவில் "இத்தனை முறை, இந்த இடைவெளியில்" என்று சொல்லிவிடலாம். ஜிடிஎஸ்-இல் அந்த வசதி செல்களுக்கு மட்டுமே உண்டு, தனி வடிவங்களுக்கு இல்லை. இவற்றுக்கு மேலாகத் தொகுதிகளைச் சுருக்கவும் செய்யலாம். கோப்பின் இறுதியில் சிஆர்சி எனும் சரிபார்ப்புத் தொகையையும் வைக்கலாம்; அடுக்குகளின் பெயரையும் எழுதலாம். ஆனால் இவை இரண்டும் கட்டாயமல்ல. எழுதும் மென்பொருள் எழுதினால்தான் உண்டு.

ஆகவே என் கருத்து இது. காலியிடங்களை நிரப்பும் மெட்டல் ஃபில் எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான செவ்வகங்கள் உள்ள முழுச் சிப்பைக் கையாள்பவருக்கு ஒயாசிஸ் பெரிய விடுதலை. என் வேலையில் நான் அதையே விரும்புகிறேன். உங்கள் ஆஸிலேட்டருக்கு அது தேவையில்லை. நீங்கள் ஒயாசிஸ் பயன்படுத்தியிருந்தாலும் இதே இரண்டு பிழைகளும் நடந்திருக்கும். அங்கேயும் அலகு தொடக்கத்தில் ஒருமுறைதான் எழுதப்படுகிறது, அடுக்கும் டேட்டாடைப்பும் தனித்தனி எண்கள்தாம். யாரிடம் கொடுத்தாலும் படிக்கத் தெரிந்த வடிவம் ஜிடிஎஸ். அதிலேயே இருங்கள். கோப்போடு கூடவே தரவு அலகு, உற்பத்திக் கட்டம், அடுக்கு எண்ணும் பெயரும் உள்ள பட்டியல், பிடிகே-யின் பதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

காலாப்பட்டு மாணவி:

திருத்திய நிரலால் மறுபடி இணைத்தோம். சின்னத்தின் அகலம் இப்போது 100 மைக்ரான்; முன்பு 20 மைக்ரானாக இருந்திருக்கிறது, நாங்கள் அளந்து பார்க்காமலே விட்டிருக்கிறோம். அகலப் பிழைகள் அனைத்தும் நீங்கிவிட்டன. ஆனால் 14 புதிய பிழைகள் வந்துள்ளன: சின்னத்தில் 30 பாகை சாய்த்து வைத்த ஓர் இலையின் முனைகள் கட்டத்தில் அமரவில்லை என்கிறது. அந்த இலையைத் தனிச் செல்லாக வரைந்து சுழற்றி வைத்திருக்கிறோம்.

கெடிலக்கரை:

ஜிடிஎஸ்-இல் செல்லைச் சுழற்றும் கோணமும் ஒரு தசம எண்தான். 90 பாகையின் மடங்குகளாக இருந்தால் புள்ளிகள் கட்டத்திலிருந்து விலகா. 30 பாகை என்றால் சைன், கோசைன் பெருக்கலால் கிடைக்கும் இடங்கள் 5 நானோமீட்டரின் மடங்காக இருக்கமாட்டா. எந்தப் பக்கம் முழுமைப்படுத்துவது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் முடிவு செய்யும். ஆகவே அந்த முடிவை அவற்றிடம் விடாதீர்கள். அந்த ஒரு செல்லை மட்டும் விரித்து வெறும் பலகோணமாக்கி, ஒவ்வொரு முனையையும் 5 நானோமீட்டர் கட்டத்துக்கு நகர்த்திவிட்டு, அதன் பிறகு அகலத்தையும் இடைவெளியையும் மறுபடி சோதியுங்கள்.

காலாப்பட்டு மாணவி:

செய்துவிட்டோம் அண்ணா. டிஆர்சி-யில் பிழை இல்லை, எல்விஎஸ்-உம் பொருந்துகிறது. நீங்கள் சொன்ன தாளையும் எழுதிக் கோப்புறையில் ஜிடிஎஸ்-உடன் வைத்துவிட்டோம். அதன் முதல் வரி: "தரவு அலகு 1 நானோமீட்டர், உற்பத்திக் கட்டம் 5 நானோமீட்டர்." இரண்டாவது வரி: "மெட்டல் 1 என்பது 68/20, 68/44 என்பது வயா."